ஐந்தாம் கட்டிலுக்கு அடியில்

பேய், பிசாசு, முனி, காத்து, கருப்பு எதையும் நம்பாதவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடிக்கும்போது நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், இதுவரை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், நாலு பேரும் அப்படித்தான் பார்த்தார்கள். பிணத்தைத் துடைத்துக் கட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நேராகச் சாப்பிட உட்கார்ந்தவள் நான். பிணக்கொட்டகையில் ஏதோ முனகுகிறது என்று வாட்ச்மேன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தபோது, நானே போய்க் கதவைத் திறந்து உள்ளே இருந்த பூனையை விரட்டிவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். இப்போது தர்மபுரி மாவட்டம் என்கிறோம், அப்போது அதெல்லாம் சேலம் ஜில்லா. அரூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆண்களுக்கு ஆறு கட்டில், பெண்களுக்கு ஆறு கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நர்ஸ் என்று நான் ஒருத்தி. சேலத்தில் படித்துவிட்டு வந்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது. டாக்டர் காலை எட்டு மணிக்கு வார்டைச் சுற்றிப் பார்க்க வருவார், அதற்குள் தரையைப் பினாயில் போட்டுத் துடைத்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, பெட்பேன் அத்தனையும் கழுவி வெயிலில் கவிழ்த்தாகவேண்டும். மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடிகிற வார்டு இது ஒன்றுதான் என்று ஒரு தடவை மேலதிகாரி ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார், அந்த ஒரு வார்த்தையில் நான் தலைகால் புரியாமல் இருந்தேன். டாக்டர் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவிவிடுகிறோமே, நோயாளியின் வயிற்றுக்குள் நடப்பதைச் சொல்ல இருக்கிற ஒரே சாட்சியை அல்லவா கழுவிவிடுகிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அந்தச் சாட்சியைத் தினமும் கண்ணால் பார்த்தவள் ஒருத்திதான், சென்னம்மா. பெட்பேன் எடுப்பதும் கழுவுவதும் அவள் வேலை. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், ஆனால் நம் தமிழும் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், அவள் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போய்விட வேண்டும், டாக்டர் எதிரில் நிற்கவோ பேசவோ கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டோம், நான் மற்றவர்களைவிட இன்னும் கறாராகவே நடந்துகொண்டேன்.

பெட்பேன்களுக்கு மூடி எல்லாம் எப்போதோ தொலைந்துபோயிருந்தது, யுத்த காலத்தில் புதிதாக எங்கே கிடைக்கும். அதனால் சென்னம்மா ஜன்னலுக்கு வெளியே நின்ற பொரசு மரத்தில், பலாசு என்பார்களே அதில், அகலமான இலையாகப் பறித்து மூடி எடுத்துப்போவாள். ஏதாவது சரியில்லை என்று அவளுக்குப் பட்டால் அந்தப் பெட்பேனை எடுக்கமாட்டாள், இலையை நரம்பு மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்துப் போட்டுவிட்டு, கட்டிலுக்கு வெளியே பாதி இழுத்துவைத்துவிட்டுப் போய்விடுவாள். நர்ஸம்மா பார்க்கட்டும் என்று அர்த்தம். சீதபேதிக்காரனுடையது, பூச்சி விழுந்த குழந்தையுடையது என்று பலமுறை அவள் கவிழ்த்த இலை சரியாகவே இருந்திருக்கிறது. நான்தான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன், எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாளா இவள் என்று உள்ளுக்குள் எரிச்சல்.

அந்த வருஷம் புரட்டாசியில் சித்தேரி மலையிலிருந்து ஒருவரை டோலி கட்டித் தூக்கிவந்தார்கள், சாமையும் ராகியும் போட்டுப் பிழைக்கிற மலைக்காரர், வயிற்றில் எரிச்சல், மேல்வயிற்றில் வலி. இரண்டாம் நாள் அவர் கட்டிலுக்கு அடியில் இலை கவிழ்ந்து கிடந்தது. திறந்து பார்த்தேன், கறுப்பு. மூடிவைத்துவிட்டேன். மறுநாளும் கவிழ்ந்து கிடந்தது, அன்றைக்குச் சென்னம்மா வழக்கத்தை மீறி வாசற்படியில் நின்று வாய்திறந்தாள், தார் மாதிரிப் போவுதும்மா, டாக்டர் ஐயாவுக்குக் காட்டலாம் என்று. எனக்குச் சுருக்கென்று வந்தது. களி தின்கிற ஜனங்களுக்குக் கறுப்பாகத்தான் போகும், நீ ஒன்றும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம், எட்டு மணி ஆகப்போகிறது, எடு அதை என்றேன். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், ராகி தின்றால் மலம் கறுக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் ராகிக் கறுப்புக்கும் ரத்தக் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியத்தானே என்னைப் படிக்கவைத்தார்கள்.

அன்று மாலை அவர் ஒரு பேசின் நிறைய ரத்தமாக வாந்தி எடுத்தார். டாக்டர் ஓடிவந்து ஊசியை எடுக்கும்போதே கண் சொருகிவிட்டது. எல்லாம் முடிந்தபிறகு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, ரெண்டு மூணு நாளா மலம் எப்படிப் போச்சு என்று என்னைக் கேட்டார். சாதாரணமாகத்தான் போச்சு சார் என்றேன். பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அதுவும் பொய்தான், யோசித்துத்தான் சொன்னேன். பின்வாசலில் சென்னம்மா வாளியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெளியே மரத்தடியில் செத்துப்போனவரின் பெண்சாதி அழவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு சென்னம்மா ஒரு இலையையும் கவிழ்க்கவில்லை. என்னோடு பேச்சும் நின்றுபோனது. ஏதாவது கேட்டால் "கொத்தில்லம்மா" என்பாள், தெரியாது என்று கன்னடத்தில். தமிழ் அவ்வளவு நன்றாகப் பேசுகிறவள் எனக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தையை வைத்திருந்தாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

மாசி மாதம் தீர்த்தகிரி வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும், பக்கத்துக் கிராமத்து விவசாயி, இரண்டு முழங்காலும் கணுக்காலும் வீங்கி, நடந்தால் முகம் கோணும். வந்த அன்றைக்கே அவர் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரு எந்திரிச்சாத்தானுங்க கவலை ஓட்ட முடியும், பயிரு காயுதுங்க, புள்ளைங்க மூணும் சின்னது" என்றாள். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்க அந்த வீட்டில் வேறு ஆம்பளை இல்லை. டாக்டர் மூட்டு வலிக்கு வழக்கமான சாலிசிலேட் மிக்சர் எழுதினார், வேளைக்கு ஒரு அவுன்ஸ், மூன்று வேளை, என் கையாலேயே ஊற்றிக்கொடுத்தேன். வீக்கம் வடிய ஆரம்பித்தது, அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். அந்த மருந்து ஒருசிலருக்கு வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது.

கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. வெளிக்குப் போக வேண்டுமென்றால் பெட்பேன்தான் என்று முதல் நாளே நான் அதட்டி வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார், வெட்கப்பட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் காலையில் பார்ப்பேன், ஐந்தாம் கட்டில் பேன் சுத்தமாக இருக்கும். போச்சா என்று கேட்டால் இல்லீங்க என்பார். நானும் சார்ட்டில் மலம் இல்லை, மலம் இல்லை என்று நாலு நாள் எழுதினேன். பகலெல்லாம் தூங்கிக்கொண்டே கிடந்தார், வலி விட்ட அசதி என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, மலச்சிக்கல் அதிகமாக இருக்கிறதே, மத்தியானம் பேதி உப்பு கரைத்துக்கொடு என்றார்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். இருட்டு இல்லை, மழை இல்லை, நாய் ஊளையிடவில்லை, பட்டப்பகல் பன்னிரண்டு மணி. வார்டில் அவரைத் தவிர ஒரே ஒரு ஆள்தான், கை முறிந்த ஒருவர், அவரும் வெளியே போய் வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரர் ஒருவர் முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டார். டாக்டர் முன்பக்கத்து அறையில் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உப்பைக் கரைத்த டம்ளரோடு உள்ளே வந்தேன், கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தால் ஐந்தாம் கட்டிலுக்கு அடியிலிருந்து பாதி வெளியே இழுத்துவைத்த பேன், அதன்மேல் ஒரு பொரசு இலை, நரம்பு மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். இத்தனை மாதம் கழித்து மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளா, அதுவும் நட்டநடு மத்தியானத்தில் வழியில் வைத்து என்று. ஒரு கையில் டம்ளரோடு மறுகையால் இலையைத் தூக்கினேன். கறுப்பு. ராகிக் கறுப்பு காய்ந்தது போல உதிரியாக இருக்கும், இது அப்படி இல்லை, ரோட்டுக்கு ஊற்றுகிற தார் போலப் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தை ஒருதரம் முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள், நான் சித்தேரிக்காரர் கட்டிலோரத்தில் முகர்ந்திருக்கிறேன். இதுவும் அதே கட்டில் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை அது இல்லை, அவர் இருந்தது இரண்டாம் கட்டில்.

டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுத் தீர்த்தகிரியின் கையைப் பிடித்தேன். சில்லென்று வேர்த்திருந்தது. நாடி நூல் மாதிரி, எண்ணி முடிக்க முடியாத வேகம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு போல வெளுப்பு. அவர் கறுத்த மனிதர், நாலு நாளாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் வெளுத்தது எனக்குத் தெரியவில்லை, இமையை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவும் இல்லை. இரண்டு நிமிஷம் கழித்து வந்திருந்தால் அந்தப் பேதி உப்பு அவர் வயிற்றுக்குள் போயிருக்கும்.

சென்னம்மாவைக் கூப்பிட்டேன். கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். இதை எப்போது வைத்தாய் என்று கேட்டேன். கொத்தில்லம்மா என்பாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. பேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில கழுவி உள்ள வெச்சதோட செரிம்மா. அப்புறம் நான் இந்தப் பக்கமே வரலை" என்றாள். பிறகு என் கையைப் பார்த்து, "இந்த எலை எங்கேம்மா கெடச்சுது?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நான் ஜன்னலைப் பார்த்தேன். மாசி மாதத்தில் பொரசு மரத்தில் ஒரு இலை இருக்காது, மொட்டையாக நின்று பூத்துக் கொட்டும். ஜன்னலுக்கு வெளியே மரம் முழுக்கச் சிவப்புப் பூ, இலை என்று ஒன்றுகூடக் கிடையாது. சென்னம்மா ஒரு மாதமாகப் பழைய பேப்பர் போட்டுத்தான் மூடிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த இலை அப்போதுதான் பறித்தது போலப் பச்சையாக இருந்தது, காம்பில் ஈரம். நான் இதைத் தொடமாட்டேன் என்று சென்னம்மா இரண்டடி பின்னால் போனாள், அவளைப் போய் அப்படிச் சொல்லவைத்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்க எனக்கு நேரமில்லை. நானே தூக்கினேன். அதுவரை ஒரு நாளும் பெட்பேனைக் கையால் தூக்கி நடந்தவளில்லை நான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, நடுவில் நடந்துபோய் டாக்டர் மேஜைக்கு முன்னால் நின்றேன். அவருக்கு முகம் சிவந்தது, என்னம்மா இது என்றார். பாருங்க சார் என்றேன். பார்த்தார். கூஜாவிலிருந்து தண்ணீரை எடுத்து ஓரத்தில் கொஞ்சம் ஊற்றினார், கறுப்பின் விளிம்பு மெல்லச் சிவப்பாகக் கரைந்து வந்தது. நாற்காலி பின்னால் விழுகிற மாதிரி எழுந்தார். எத்தனை நாளா இப்படிப் போவுது என்று நடந்துகொண்டே கேட்டார். "எனக்குத் தெரியாது சார். நான் பாக்கலை" என்றேன். இந்தத் தடவை உண்மை.

மிக்சரை நிறுத்தினார். கட்டிலின் கால்மாட்டை இரண்டு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம், தலை கீழாகவும் கால் மேலாகவும், இருக்கிற ரத்தமாவது மூளைக்குப் போகட்டும் என்று. தொடைத் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினார், ஊசி போட்டு அசையாமல் படுக்கவைத்தார். அங்கே ரத்தம் ஏற்றுகிற வசதி எதுவும் கிடையாது, சேலத்துக்குத் தூக்கிப்போனால் வழியிலேயே போய்விடுவார். கால் மணிக்கு ஒருதரம் நாடி பார்த்து எழுது என்று என்னிடம் சொன்னார். சாயங்காலம் காப்பித் தூளைக் கரைத்தது போல வாந்தி வந்தது, ஒரு பேசினில் கால் பங்கு. கசிவது வயிற்றில்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவர் பெண்சாதி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் திரும்பவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் நான் வீட்டுக்குப் போகவில்லை. நூற்று இருபத்தெட்டில் இருந்த நாடி நூற்றுப் பத்துக்கு வந்தது, தொண்ணூறுக்கு வந்தபோது பெண்கள் வார்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் டாக்டரிடம் சித்தேரிக்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டேன், இலை, தார், நான் சொன்ன பொய், எல்லாம். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "நானும் கேட்டதோட நிறுத்திக்கிட்டேனேம்மா, எந்திரிச்சுப் போய் ஒரு நாளாவது பாத்தேனா" என்றார். மறுநாளிலிருந்து அவர் பார்க்காமல் ஒரு பேனும் வார்டை விட்டுப் போகக்கூடாது, அவர் சுற்றி வரும்போது சென்னம்மாவும் கூட நிற்க வேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பத்து நாளில் டாக்டரையே, அதில்லைய்யா, இதப் பாருங்க என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள், வார்டு கொஞ்சம் நாறத்தான் செய்தது.

என்னோடும் பேசினாள். அந்த இலையைப் பற்றி மட்டும் நாங்கள் பேசவில்லை. கை முறிந்தவரோ வேறு யாரோ எங்கிருந்தாவது கொண்டுவந்து போட்டிருப்பார்கள், ஓடையோரம் ஏதாவது ஒரு கன்றில் பச்சை இலை இருந்திருக்கும் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அது போதுமாகவும் இருந்தது, ஆள் பிழைத்துவிட்டாரே, வேறென்ன வேண்டும்.

இரண்டு வாரம் போனபிறகு தீர்த்தகிரி வீட்டுக்குக் கிளம்பினார். வண்டி வாசலில் நிற்கிறது, பெண்சாதி மூட்டையோடு ஏறிவிட்டாள். அவர் மட்டும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். டாக்டரும் பக்கத்தில் இருந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா. நீங்க எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னதைக் கேக்காம, தெனமும் விடியறதுக்கு முன்னால தடி ஊனிக்கிட்டு ஓடைப் பக்கமாப் போய்ட்டு வந்துட்டேனுங்க. படுத்த எடத்துல போறதுக்கு மனசு ஒப்பலீங்க. கறுப்பாத்தான் போச்சு, களிதானேன்னு வுட்டுட்டேன்."

அன்றைக்கு மத்தியானம் மட்டும் பேனில்தானே போனீர்கள் என்று கேட்டேன்.

"இல்லீங்களே. அன்னைக்கும் விடியால ஓடைக்குத்தான் போனேன். செங்கல்லு வெச்சதுக்கு அப்புறம்தானுங்க வேற வழியில்லாம அதுல போனது. அதுக்கு முன்ன அந்தச் சட்டியில நான் ஒரு நாளும் உக்காந்ததில்லீங்க."

வண்டி போனபிறகும் நானும் டாக்டரும் வாசலிலேயே நின்றிருந்தோம். தண்ணீர் ஊற்றிச் சிவப்பு வருவதைத் தன் கண்ணால் பார்த்த மனிதர் அவர், என்னைப் போல அவரும் எதையும் நம்பாதவர். அப்படியானால் அந்தப் பேனில் இருந்தது யாருடையது சார் என்று கேட்டேன். உள்ளே வேலை இருக்கிறது என்று போய்விட்டார். அதற்கப்புறம் எட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம், அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அன்று பேனில் போனதைத் தீர்த்தகிரி மறந்திருப்பார், அல்லது வெட்கத்தில் பொய் சொல்லியிருப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், நானும் அப்படி நினைத்துப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம்கூட நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பேனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நடந்தேனே, வார்டு நிழலில் கிடந்த எனாமல் பாத்திரம், கட்டிலில் கிடந்தவர் உடம்போ சில்லென்று இருந்தது, பாத்திரம் என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்துபோனது போல.